சுரமும் எண்ணும்

கொங்கு நாட்டில், கரூருக்கும் காங்கேயத்துக்கும் இடையே நெடுஞ்சாலையின்மீது அமைந்துள்ள ஊர் வெள்ளகோவில். இன்று அது திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மழை குறைந்த மண். ஆயினும் உழைப்புக் குறையாத மக்கள். அவ்வூர்த் தெருக்களில் நடப்பவரின் செவியில் முதலில் விழுவது விசைத்தறிகளின் ஓசையே. பகலிலும் ஓயாது, இரவிலும் ஓயாது ஒலிக்கும் அவ்வோசை வெளியூரார்க்கு இரைச்சலாகத் தோன்றும். தறியோடு பழகியவருக்கோ அது பேச்சுப் போன்றது. பாவில் ஓர் இழை அறுந்தாலும், நாடா சற்றே தடுமாறினாலும், கண் காண்பதற்கு முன்பே செவி அதனை உணர்ந்துவிடும்.

அத்தகைய தறித் தொழிலாளி ஒருவரின் மகள், ஒன்பதாம் வகுப்பு மாணவி, மாலை வேளைகளில் முதிய ஆசிரியர் ஒருவரிடம் இசை பயின்றுவந்தாள். ஒருநாள் அவள் தன் தந்தையின் கைப்பேசியைக் கொண்டுவந்திருந்தாள். பாடும் குரலின் அதிர்வெண்ணை அளந்து காட்டும் செயலி ஒன்று அதில் இருந்தது. ஆசிரியர் அவள் குரலுக்கு ஏற்பத் தம்புராவைக் கூட்டினார். ஷட்ஜம் 240 என்று செயலி காட்டியது. மாணவி சங்கராபரணத்தின் ஏழு சுரங்களையும் நிறுத்தி நிறுத்திப் பாடினாள். காந்தாரத்தில் நின்றபோது ஆசிரியர் மகிழ்ந்து தலையசைத்தார். ஆனால், கைப்பேசியில் ஒரு முள் இடப்பக்கம் சாய்ந்து, சுரம் தாழ்ந்துள்ளது என்று காட்டியது.

“ஐயா, காந்தாரம் 302.4 ஆக இருக்க வேண்டும் என்று இது சொல்கிறது. எனக்கு 300 தான் வருகிறது. நான் பாடுவது பிழையா?” என்று அவள் வருந்திக் கேட்டாள்.

“கண்ணு, அந்தப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு இந்தத் தம்புராவைக் கேள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்,” என்றார் ஆசிரியர்.

கருவி பிழை என்றது. ஆசிரியர் சரி என்றார். இருவருள் யார் சொல் மெய்? சிறுமியின் உள்ளத்தில் எழுந்த இவ்வினா சிறியது போலத் தோன்றினும், பெரும் புலவர்கள் தம் வாழ்நாளைச் செலவிட்டு ஆராய்ந்த வினாவே அது. அதனை அறிவதற்கு முதலில் சுரம் எவ்வாறு எண்ணாகின்றது என்பதை அறிதல் வேண்டும்.

அவள் வீட்டருகே ஓடும் தறியையே எடுத்துக்கொள்ளலாம். நாடா ஒரு நிமிடத்தில் 120 முறை குறுக்கே பாய்வதாகக் கொள்க. அஃதாவது, ஒரு நொடிக்கு இரண்டு முறை. அவ்வோசைகளைச் செவி தனித்தனியே எண்ணும். அத்தறி பத்து மடங்கு விரைவாக ஓடி, நொடிக்கு 20 முறை ஒலிக்குமாயின், ஓசைகள் ஒன்றோடொன்று கலந்து தாழ்ந்த முரலொலி பிறக்கத் தொடங்கும். நொடிக்கு 240 முறை ஒலிக்குமாயின், அம்மாணவியின் ஷட்ஜத்தோடு ஒன்றி நிற்கும் சுரம் கேட்கும். ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையே அதிர்வெண் எனப்படும். அதிர்வெண் மிகுந்தால் சுரம் உயரும், குறைந்தால் தாழும்.

இனி, ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்குச் செல்லும் வழி கூட்டல் அன்று, பெருக்கலே. இழுத்துக் கட்டிய தந்தியை நடுவில் அழுத்திப் பாதி நீளத்தை மீட்டினால் அதிர்வெண் இரு மடங்காகும். 240 என்பது 480 ஆகி, மேல் ஷட்ஜம் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை மீட்டினால் அதிர்வெண் ஒன்றரை மடங்காகிப் பஞ்சமம் 360 எனக் கிடைக்கும். நான்கில் மூன்று பங்கு நீளத்தில் மத்திமம் 320. ஐந்தில் நான்கு பங்கு நீளத்தில் காந்தாரம் 300. இவ்வாறே ரிஷபம் 270, தைவதம் 400, நிஷாதம் 450 என்று சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் எளிய விகிதங்களால் அமைந்துவிடும்.

இவற்றைக் கொண்டு சுரத்தை எண்ணாக்கலாம், எண்ணையும் சுரமாக்கலாம். சுரம் தெரிந்தால், ஆதார ஷட்ஜத்தின் அதிர்வெண்ணை அச்சுரத்தின் விகிதத்தால் பெருக்குக. எண் தெரிந்தால், அதனை ஆதார ஷட்ஜத்தின் எண்ணால் வகுக்க. ஈவு ஒன்றரையாயின் அது பஞ்சமம், ஒன்றேகாலாயின் காந்தாரம். இங்கு ஓர் உண்மை தெளிவாகும். 270 என்னும் எண்ணைத் தனியே கூறி, ‘இஃது எந்தச் சுரம்?’ என்று கேட்டால் விடை கூற இயலாது. 240-ஐ ஆதாரமாகக் கொண்டு பாடுபவருக்கு அது ரிஷபம். 180-ஐ ஆதாரமாகக் கொண்டு பாடுபவருக்கு அதே 270 பஞ்சமமாகும். ஒரே மனிதர் ஒருவருக்குத் தந்தையாகவும் மற்றொருவருக்குத் தம்பியாகவும் இருப்பது போல, ஒரே அதிர்வெண் வெவ்வேறு ஆதாரங்களுக்கு வெவ்வேறு சுரமாகின்றது. சுரம் என்பது தனித்து நிற்கும் எண் அன்று. அஃது ஓர் உறவு.

மேனாட்டாரின் பியானோ, ஆர்மோனியம் ஆகியவற்றில் கட்டைகளின் எண்கள் நிலையாகக் குறிக்கப்பட்டுள்ளன. 1939-இல் இலண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு, அவர்தம் ‘ஏ’ என்னும் சுரத்திற்கு 440 என்னும் அளவை வகுத்தது. அதற்கு ஒரு ஸ்தாயி தாழ்ந்த 220 என்பதே நம் பாடகர்கள் ‘ஆறு கட்டை’ என்று வழங்கும் சுருதி. அங்கிருந்து அரைக்கட்டை கீழிறங்க, ஏறக்குறைய 1.0595 என்னும் எண்ணால் வகுக்க வேண்டும். ஐந்தரைக் கட்டை ஏறக்குறைய 208; ஐந்து கட்டை 196. இந்த 1.0595 எங்கிருந்து வந்தது? ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் படிகளாகப் பகுத்ததனால் வந்தது. அவ்வெண்ணைத் தன்னோடு பன்னிரண்டு முறை பெருக்கினால் இரண்டு கிடைக்கும். அஃதாவது மேல் ஷட்ஜம் கிடைக்கும். இச்சமப் பகுப்பில் காந்தாரம் நான்காம் படி. ஆதாரம் 240 ஆயின் அப்படி 302.4 என வரும். கைப்பேசி சொன்ன எண் இதுவே.

ஏன் சமமாகப் பகுத்தனர்? இயற்கை விகிதங்கள் போதாவோ? இங்குத்தான் கணக்கின் ஒரு முடிச்சு உள்ளது. பழந்தமிழர் ஏழு சுரங்களைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று வழங்கினர். சிலப்பதிகார உரைகள் இவை ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் முறையைக் கூறுகின்றன. தாரத்தில் உழையும், உழையில் குரலும், குரலில் இளியும், இளியில் துத்தமும், துத்தத்தில் விளரியும், விளரியில் கைக்கிளையும் பிறக்கும். ஒவ்வொன்றும் தன் முன்னதற்கு இளியாக, அஃதாவது பஞ்சமமாக நிற்றல் காண்க. குரல் 240 ஆயின் இளி 360. அதன் ஒன்றரை மடங்கு 540. அதனைப் பாதியாக்கினால் துத்தம் 270. விளரி 405. அதன் ஒன்றரை மடங்கைப் பாதியாக்கினால் கைக்கிளை 303.75. தந்தியை ஐந்தில் நான்கு பங்காக்கிப் பெற்ற காந்தாரமோ 300. ஆக, ஒரே காந்தாரத்திற்கு இரண்டு எண்கள் வந்துவிட்டன!

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. இவ்வாறு ஒன்றரையால் பன்னிரண்டு முறை பெருக்கிச் சென்றால், தொடங்கிய சுரத்திற்கே மீண்டும் வந்து சேர வேண்டும். கணக்கோ அவ்வாறு முடிவதில்லை. உரிய ஸ்தாயிக்கு இறக்கிப் பார்த்தால் 240-க்கு மாறாக 243.27 நிற்கும். ஊரைச் சுற்றிவந்தவர் தம் வீட்டு வாயிலைச் சற்றே தாண்டி நிற்பது போன்றது இது. இச்சிறு மிச்சத்தை என்ன செய்வது என்பதே இசைக் கணக்கின் நெடுங்கால வழக்கு.

இவ்வழக்கைத் தமிழ் மண்ணில் முழுமூச்சாக எடுத்து ஆராய்ந்தவர் ஆபிரகாம் பண்டிதர். அவர் தென்காசிக்கு அருகில் உள்ள சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்தார். ஆசிரியப் பணி புரிந்தார். பின்னர்த் தஞ்சையில் சித்த மருத்துவராகப் புகழும் பொருளும் ஈட்டினார். ஈட்டிய பொருளை இசை ஆராய்ச்சிக்கே வாரி வழங்கினார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தஞ்சையில் இசை மாநாடுகளை நடத்தினார். 1916-இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டிற்குத் தம் மகளிரோடு சென்று தம் கொள்கையை விளக்கினார். அடுத்த ஆண்டில், 1917-இல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார்.

ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் உண்டு என்பது நெடுநாளாக வழங்கிவந்த கொள்கை. பண்டிதர் அதனை மறுத்தார். பழந்தமிழர் ஒரு பாலையிலுள்ள சுரங்களை ஒவ்வொன்றாகக் குரலாக மாற்றி, அவற்றிலிருந்து புதிய பாலைகளைத் தோற்றுவித்தனர். எந்தச் சுரத்தைக் குரலாகக் கொண்டாலும் வட்டம் பிழையின்றி முடிய வேண்டுமாயின், படிகள் யாவும் சமமாக இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். ஆகவே, ஒரு ஸ்தாயி 12 சம சுரங்களாகவும் 24 சம சுருதிகளாகவும் பகுபடும் என்று அட்டவணை அட்டவணையாகக் கணித்துக் காட்டினார். அவர் முறைப்படி, 240-ஐ ஆதாரமாகக் கொண்ட காந்தாரம் 302.4. கைப்பேசியின் முள் பண்டிதரின் பக்கம் நின்றது எனலாம்.

மற்றொரு வழியில் சென்றவர் விபுலாநந்த அடிகள். அவர் இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் உள்ள காரைதீவில் 1892-இல் பிறந்தவர், அறிவியல் பயின்றவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். வழக்கொழிந்த யாழைச் சிலப்பதிகாரத்தின் துணைகொண்டு மீண்டும் அறிய முற்பட்ட அவர், பல ஆண்டுகள் உழைத்து யாழ்நூலை இயற்றினார். அவர் 22 அலகு என்னும் மரபையே கைக்கொண்டார். குரலுக்கு நான்கு, துத்தத்திற்கு நான்கு, கைக்கிளைக்கு மூன்று, உழைக்கு இரண்டு, இளிக்கு நான்கு, விளரிக்கு மூன்று, தாரத்திற்கு இரண்டு என அலகுகளைக் கூட்டினால் 22 வருதல் காண்க. பாட்டில் இருந்ததனை அவர் கணக்கில் எழுதினார். கணக்கில் கண்டதனை நரம்பின் நீளமாக்கினார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகள் மறைந்தார்.

இருவரும் தமிழ்ப் பற்றால் ஆராய்ந்தவர்கள். இருவரும் சிலப்பதிகாரத்தையே சான்றாகக் கொண்டவர்கள். ஆயினும், இருவர் முடிவும் வேறாயின. ஒருவர் வட்டம் முடிதல் வேண்டும் என்றார். மற்றவர் மரபின் அலகுகள் நிலைபெறல் வேண்டும் என்றார். இதனால் ஒருவர் பெருமை உயர்வதுமில்லை. மற்றவர் பெருமை குறைவதுமில்லை. கணக்கில் எஞ்சிய சிறு மிச்சத்தை எங்கே வைப்பது என்பதிலேதான் வேற்றுமை.

எனினும், அவ்வேற்றுமை ஏட்டோடு நின்றுவிடவில்லை. சமப் பகுப்பில் சுருதி சேர்க்கப்பெற்ற ஆர்மோனியம் நாடெங்கும் பரவியபோது, அதன் நிலையான கட்டைகள் நம் இசையின் நுட்பங்களையும் கமகங்களையும் மறைத்துவிடும் என்று பலர் அஞ்சினர். 1940-இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கிவைத்தது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. ஆர்மோனியத்தையே நம்பி வாழ்ந்த கலைஞர் பலருக்கு வானொலியின் வாயில் அத்தனை ஆண்டுகள் அடைபட்டிருந்தது. இரண்டு மூன்று அதிர்வுகளின் வேற்றுமை, மக்களின் பிழைப்பையும் தொடும் என்பதற்கு இது சான்று.

இனி, வெள்ளகோவில் ஆசிரியரின் விடையைக் கேட்போம். அவர் தம்புராவின் கடைசித் தந்தியை மட்டும் மெல்ல மீட்டினார். அது மந்தர ஷட்ஜம். அதன் எண் 120. சற்றுப் பொறுத்து, “இதனுள் வேறு என்ன கேட்கிறது?” என்று வினவினார். மாணவி கண்ணை மூடிக் கேட்டாள். முதலில் ஷட்ஜம் ஒன்றே கேட்டது. பின்னர் அதன்மேல் பஞ்சமம் மெல்லியதாய் எழுந்தது. இன்னும் சிறிது நேரம் சென்றபின், மிக நுண்ணியதாய், மேலே ஒரு காந்தாரம்!

“ஐயா, காந்தாரம் கேட்கிறது! யாரும் மீட்டவில்லையே?” என்றாள் அவள்.

“தானாகத் தோன்றுவது அது, கண்ணு. அதனால்தான் அதைச் சுயம்பு என்பார்கள். இப்போது உன் கணக்கைப் போட்டுப் பார்,” என்றார் ஆசிரியர்.

ஒரு தந்தி முழுமையாக அதிரும்போதே இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பகுதிகளாகவும் அதிர்கின்றது. ஆகவே 120-ஓடு 240, 360, 480, 600 ஆகிய அதிர்வுகளும் அதனுள் பிறக்கின்றன. ஐந்தாவதாகிய 600, காந்தாரம் 300-இன் இரு மடங்கு. மாணவி பாடிய 300 அதனோடு கலந்து ஒன்றாகியது. அவள் 302.4 பாடியிருந்தால், அவள் குரலில் எழும் இரு மடங்கு அதிர்வு ஏறக்குறைய 605 ஆகியிருக்கும். அது 600-ஓடு மோதி, நொடிக்கு ஏறக்குறைய ஐந்து விம்மல்களை உண்டாக்கியிருக்கும். அவ்விம்மல் எழாமையால்தான் ஆசிரியர் தலையசைத்தார். அவர் எண்ணைக் கண்டவர் அல்லர். எண்ணின் இணக்கத்தைக் கேட்டவர்.

செவி இவ்வாறு கணக்கை முந்திச் செல்வது புதிதன்று. மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கருமையான கரணையை எண்ணிப் பார்க்கலாம். இழுத்துக் கட்டிய வெறுந்தோலில் எழும் ஒலிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் முறையில் அமைவதில்லை. ஆகையால் அது தந்தி போல் இனிதாக ஒலிப்பதில்லை. கரணை இட்ட தோலிலோ அவ்வொலிகள் முழு எண்களின் முறைக்கு வந்துவிடுகின்றன. திருச்சிராப்பள்ளியில் பிறந்த அறிஞர் சர் சி. வி. இராமன், 1920-இல் தம் உடனாய்வாளர் ஒருவரோடு இதனை உலகுக்கு எடுத்துரைத்தார். ஆனால், பெயரறியாத கைவினைஞர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே அக்கரணையைத் தடவித் தட்டி, தடவித் தட்டி, செவியின் துணையாலேயே அவ்வளவை அடைந்துவிட்டனர். வீணை செய்வோர் மெழுகின்மேல் மெட்டுகளைப் பதிப்பதும் அவ்வாறே செவியின் தீர்ப்பால் நிகழ்வதாகும்.

அவ்வாறாயின் எண் வேண்டாவோ? வேண்டும். செவி அறிந்ததனை மற்றொருவர்க்கு எடுத்துச் சொல்ல எண்ணே துணை. யாழ் மறைந்தது, அதனை மீட்டிய விரல்களும் மறைந்தன. ஆயினும், அலகுகளின் எண்ணிக்கை ஏட்டில் நின்றமையால், பல நூற்றாண்டுகள் கழித்து ஒருவர் அதனைத் தேடிச் செல்ல முடிந்தது. எண் இல்லையேல் செவியின் அறிவு அவரவரோடு மடிந்துபோகும். செவி இல்லையேல் எண் வெறும் புள்ளியாய் ஏட்டில் கிடக்கும்.

கைப்பேசி பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு சமப் படிகளை அளவுகோலாகக் கொண்டு அது அளந்தது; அவ்வளவுகோலின்படி 300 தாழ்ந்ததே. ஆசிரியரும் பொய் சொல்லவில்லை. தம்புராவை அளவுகோலாகக் கொண்டு அவர் அளந்தார். அதன்படி 300 சரியே. ஒரு கருவி பிழை என்று கூறுமாயின், அஃது எதனை அளவாகக் கொண்டு அவ்வாறு கூறுகின்றது என்று கேட்பதே அறிவுடையார் செயல். இதனை உணர்ந்தபின் மாணவியின் வருத்தம் நீங்கியது. அவள் கைப்பேசியைத் தூக்கி எறியவுமில்லை, அதன்முன் தலைகுனியவுமில்லை. தன் ஏட்டில், ‘காந்தாரம்: தம்புராவில் 300, சமப் பகுப்பில் 302.4, இளி முறையில் 303.75’ என்று மூன்றையும் வரிசையாக எழுதிக்கொண்டாள்.

இருள் சூழ்ந்தபின் அவள் வீடு திரும்பினாள். தெரு முழுதும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாயிலில் நின்ற தந்தை திடீரென்று உள்ளே திரும்பி, ஒரு தறியை நிறுத்தினார். அருகில் சென்று பார்த்தாள். பாவில் ஓர் இழை அறுந்திருந்தது. அத்தனை ஓசைக்கு நடுவில் அதனை எவ்வாறு அறிந்தார் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு அது விளங்கியிருந்தது. தந்தை இழையை முடிந்து தறியை மீண்டும் ஓட்டினார். அவள் அருகில் நின்று, ஒரு நிமிடத்திற்கு நாடா எத்தனை முறை பாய்கின்றது என்று எண்ணத் தொடங்கினாள்.